'கள்வன்' என்றோர் சொல்



தமிழ் வளர்த்த நகர் என்று மதுரையைப் போற்றுகிறோம். சங்கம் இருந்த ஊர், சொல்லாராய்ந்த ஊர், குற்றம் குற்றமே என்று கூறிய புலவனின் ஊர் என்றெல்லாம் மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கட்டும், தவறில்லை. ஆயினும் அதே மதுரையில்தான் ஒரே ஒரு தமிழ்ச் சொல் ஓர் அப்பாவியின் உயிரைக் குடித்தது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தச் சொல் 'கள்வன்'.

கதை தெரிந்த கதைதான். சிலம்பு விற்க வந்தவன் கோவலன். அரசியின் சிலம்பைத் திருடியவனோ, அரண்மனைக்குள் செல்வாக்குப் பெற்ற பொற்கொல்லன். ஊடல் கொண்ட தேவியைத் தேற்றப் போகும் வழியில் மன்னன் அந்தப் பொற்கொல்லனின் வாய்மொழியைக் கேட்டான், காவலரை அழைத்தான், ஆணையிட்டான். விசாரணை இல்லை, சான்று இல்லை, எதிர்வாதம் இல்லை. இதுவரை எல்லோரும் சொல்வர். ஆனால் இதற்கு அடுத்தபடியாக இளங்கோ அமைத்த காட்சியைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். நாம் அங்கேதான் சற்று நின்று பார்க்கவேண்டும்.

ஏவப்பட்டுச் சென்ற காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் முகத்தில் களவு தெரியவில்லையே, இவன் கொலைக்குரியவன் அல்லனே என்று அவர்தம் கண்கள் சொல்லுகின்றன. அப்பொழுது பொற்கொல்லன் நகைக்கிறான். கள்வர் கையாளும் கருவிகள் எட்டு என்று கணக்குச் சொல்லுகிறான். மந்திரம் என்கிறான், மருந்து என்கிறான், காலம், இடம், தந்திரம் என்று அடுக்குகிறான். களவைப்பற்றி நூலே இருக்கிறது, அந்த நூலை நான் அறிவேன், நீங்கள் அறியமாட்டீர்கள் என்று அவர்களைத் தலைகுனிய வைக்கிறான். கண்ணால் கண்டது தோற்கிறது. நூலறிவு பேசிய பேச்சு வெல்கிறது. கூட்டத்தில் ஒரு குடிவெறியன் வாளை வீசுகிறான். முடிந்தது.

இந்த நிகழ்ச்சியில் மன்னனின் ஆணையைக் காட்டிலும் கொடியது பொற்கொல்லனின் சொற்பொழிவு என்பது எம் கருத்து. ஆணை மட்டும் இருந்திருப்பின் காவலர் தயங்கி நின்றிருப்பர். மன்னனிடம் திரும்பிச் சென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவுங்கூடும். தயக்கத்தைக் கொன்றது அந்தப் பேச்சு. எதேச்சாதிகாரத்திற்கு வாள் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் வாளேந்திய கை நடுங்காதிருக்க ஒரு மொழி வேண்டும். அந்த மொழியைப்பற்றித்தான் இந்த ஞாயிறன்று உம்மோடு பேச விழைகிறோம்.

ஏதோ பழங்காப்பியம், பாண்டியனோடு போயிற்று என்று எண்ணிவிடாதீர். மதுரைக்கு மேற்கே, நாகமலையின் அடிவாரத்தில், சமணர் மலைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி என்றோர் ஊர் இருக்கிறது. தாமரைக் குளமும், மலைமேல் தீர்த்தங்கரர் சிற்பங்களுமாக அழகிய ஊர். 1914ஆம் ஆண்டு அந்த ஊரின் கள்ளர் குலத்தார் அனைவரும் குற்றப் பரம்பரையினர் என்று சென்னை சர்க்கார் அறிவித்தது. 1918இல் பிரமலைக் கள்ளர் சமுதாயம் முழுமையும் அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டது. உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் செக்கானூரணியிலும் ஏர் பிடித்தவன், ஆடு மேய்த்தவன், கூலிக்குப் போனவன் எல்லோரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி ஆயினர். அவன் என்ன திருடினான், எப்பொழுது திருடினான், யார் வீட்டில் திருடினான் என்ற கேள்விகளுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

அந்தச் சட்டம் முதலில் 1871இல் வடநாட்டில் வந்தது. 1911இல் திருத்தப்பட்டு இந்நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. அதை முன்மொழிந்த வெள்ளை அதிகாரி கூறிய வாதம் கேட்கத் தகுந்தது. இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சனாகிறான், நெசவாளி மகன் நெசவாளியாகிறான். எனவே குற்றத்தையே குலத்தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தாகவேண்டும் என்பது அவர் கண்டுபிடிப்பு! இதைக் கேட்டு வெள்ளையன்மீது நாம் சீறலாம். ஆனால், தோழரே, இந்தத் தருக்கத்தை அவன் இலண்டனிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரவில்லை. பிறப்பே தொழில், தொழிலே பிறப்பு என்று நம் மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் ஓதப்பட்டு வந்த பாடத்தைத்தான் எடுத்து, அச்சிட்டு, முத்திரை குத்தி நமக்கே திருப்பிக் கொடுத்தான். நம்முடைய சாதிப் பேச்சே அவனுடைய சட்டப் பேச்சாயிற்று.

இன்னும் ஒரு கொடுமை. பெயரையே சான்றாக்கினர்! 'கள்ளர்' என்றால் தமிழில் திருடர் என்று பொருள், ஆகவே இவர்கள் திருடர் என்று அதிகாரிகள் எழுதிய நூல்களில் காண்கிறோம். பொற்கொல்லன் கையில் வைத்திருந்த களவு நூலுக்கு இவை சற்றும் இளைத்தவை அல்ல. ஒரு சமுதாயத்தின் பெயருக்கு அகராதியில் பொருள் பார்த்துத் தண்டனை வழங்கிய விந்தை வேறெங்கும் நடந்ததுண்டா என்று தெரியவில்லை.

களவே நடக்கவில்லை என்று நாம் வாதாட வரவில்லை. மாடு பிடித்துப் போவதும், துப்புக்கூலி வாங்கிக்கொண்டு மாட்டைத் திருப்பித் தருவதும் இந்த வட்டாரத்தில் இருந்தவைதாம். அதே மக்கள் ஊர்தோறும் காவற்பொறுப்பு ஏற்று, அதற்குரிய கூலியாக நெல் பெற்று வந்ததும் உண்மைதான். காவற்காரன் என்று ஊர் அழைத்தவனைக் கம்பெனியாரும் அவர்க்குப் பின் வந்த சர்க்காரும் வழிப்பறிக்காரன் என்று அழைத்தனர். காவற்கூலியை மிரட்டிப் பறித்த பணம் என்றனர். காவல் இனிப் போலீசுக்கே உரியது என்று ஆனபின், பழைய காவற்காரனுக்குச் சர்க்காரின் ஏட்டில் மிஞ்சியது ஒரே பெயர்தான். சிலர் செய்த களவுக்கு அந்தச் சிலரைப் பிடித்துச் சான்று காட்டித் தண்டிப்பது நீதி. பிறக்கப்போகும் குழந்தைக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுவதற்கு என்ன பெயர்?

சட்டத்தின் வாசகத்தைப் பாருங்கள். ஒரு கூட்டத்தார் குற்றத்தில் பழகியவர் என்று 'நம்புவதற்குக் காரணம்' இருப்பதாக சர்க்கார் கருதினால் போதும், அறிவிக்கலாம். அந்த அறிவிப்புச் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கலாகாது. நம்பியவனும் அவனே, காரணம் கண்டவனும் அவனே, தீர்ப்பளித்தவனும் அவனே! அறிவிக்கப்பட்டவனோ கைரேகை பதிக்கவேண்டும். இரவுப் பொழுதைக் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போலீசின் கண்முன் கழிக்கவேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்கவேண்டும். மணமான அன்று இரவும் மாப்பிள்ளை சாவடிக்குப் போய்ப் படுத்த கதையைச் சொல்லும் முதியவர்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தனர்.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிக்க மறுத்தனர். நாங்கள் உழவர்கள், குற்றம் செய்தவர்கள் அல்லர், எதற்காக விரல் நீட்டவேண்டும் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. ஊரைச் சூழ்ந்து நின்ற போலீசு துப்பாக்கியால் விடை சொன்னது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் மாண்டனர். குண்டடி பட்டுக் கிடந்தோருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் அந்த மாயக்காள் என்று ஊர் சொல்கிறது. ஜாலியன்வாலாபாக் நடந்து ஓராண்டுகூட நிறையாத காலம் அது. பஞ்சாபுக்காக நாடே பதறியது, பெருங்காமநல்லூருக்காகப் பதறவில்லை. ஏன் என்று எண்ணிப் பாருங்கள். அமிர்தசரசில் செத்தவர்கள் 'மக்கள்' என்று நாட்டுக்குத் தெரிந்திருந்தது. இங்கே செத்தவர்கள்மீது ஏற்கனவே ஒரு சொல் ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் சொல்லைத் தாண்டி வந்து அவர்களுக்காக வழக்காடியவருள் மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் முதன்மையானவர். அவரை அந்த மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். பின்னாளில் முத்துராமலிங்கத் தேவரும் ஜீவானந்தமும் அந்தச் சட்டத்தை எதிர்த்து முழங்கினர். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. 1952 ஆகஸ்டு 31இல் நாடெங்கும் ஒழிந்தது.

ஒழிந்ததா? சட்டம் ஒழிந்தது, சரி. 'வழக்கமான குற்றவாளிகள்' என்ற புதுப் பெயரில் வேறு சட்டங்கள் மாநிலந்தோறும் முளைத்தன. நம் மாகாணத்தில் 1948லேயே முளைத்துவிட்டது. பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்குத் தமிழில் 'சீர்மரபினர்' என்று பெயர் வைத்தோம். நல்ல நோக்கத்தோடு வைத்த பெயர்தான். சலுகைக்கும் கல்விக்கும் அந்தப் பெயர் வழி திறந்தது என்பதை மறுக்கமுடியாது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் எழுத்தறிந்து உயர்ந்தோர் ஆயிரம் ஆயிரம். ஆனாலும் அந்தச் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். மரபு சீர் செய்யப்பட்டதாம்! கெட்டுக் கிடந்தது சட்டமா, மரபா? சீர்திருந்தியவர் யார், சீர்திருந்தவேண்டியவர் யார்? ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்தில் விக்டர் கிளெம்பரர் என்ற யூதப் பேராசிரியர் இருந்தார். நாஜிகளின் ஆட்சி முழுவதும் அஞ்சி அஞ்சி வாழ்ந்து, அவர்கள் பேசிய சொற்களைக் குறித்து வைத்து, 1947இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்ட வேதனை யாதெனில், கொடியோர் ஆக்கிய சொற்களை அவர்களால் நசுக்கப்பட்டவர்களே அறியாமல் பேசத் தொடங்கியதுதான். நம் ஊரிலும் 'குற்றப் பரம்பரை' என்ற தொடரை எந்த உறுத்தலும் இன்றி, ஏதோ ஒரு குடும்பப் பெயர் போல, இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் அல்லவா?

கடுஞ்சொல் மட்டுமே எதேச்சாதிகாரத்தின் கருவி என்று எண்ணிவிடவேண்டாம். தேன் தடவிய சொற்கள் அதைவிடக் கூர்மையானவை. 1933 மார்ச்சில் ஜெர்மன் நாடாளுமன்றத்தின் அதிகாரம் முழுவதையும் இட்லரின் கையில் ஒப்படைத்த சட்டத்திற்கு என்ன பெயர் சூட்டினர் தெரியுமா? மக்களின் இன்னலையும் நாட்டின் இன்னலையும் போக்கும் சட்டம்! வழக்கு விசாரணை இன்றி ஆளைப் பிடித்து அடைத்து வைப்பதற்கு அங்கே வழங்கிய பெயர் 'பாதுகாப்புக் காவல்'. யாருக்குப் பாதுகாப்பு, யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்க அங்கே யாரும் மிஞ்சவில்லை.

நம் நாட்டில் 1975 ஜூன் 26 காலையில் வானொலி பேசியது. குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலை அறிவித்திருக்கிறார், பீதியடையக் காரணம் ஏதுமில்லை என்று பிரதமரின் குரல் ஆறுதல் சொல்லிற்று. அந்த ஆறுதல் ஒலித்த வேளையில் எதிர்க்கட்சித் தலைவர்கள் இரவோடிரவாகச் சிறைக்குள் போய்விட்டிருந்தனர். பின்னர் வந்த சொற்களை எண்ணிப் பாருங்கள். கட்டுப்பாடு என்றார்கள், முதிய துறவி ஒருவர் வாயிலிருந்து வந்ததாக 'ஒழுங்குப் பருவம்' என்று பாரதத்தின் பருவப் பெயர் போல ஒன்றைப் பரப்பினார்கள். பேச்சைக் குறை, உழைப்பைப் பெருக்கு என்று சுவரெங்கும் எழுதினார்கள். ஒழுங்கு வேண்டாம் என்று சொல்வார் யார்? உழைப்பு கெட்டது என்பார் உண்டா? அங்கேதான் சூட்சுமம். மறுக்கமுடியாத சொல்லை முன்னே நிறுத்தி, மறுக்கவேண்டிய செயலை அதன் முதுகுக்குப் பின்னே நடத்துவது! இந்தியாவே இந்திரா, இந்திராவே இந்தியா என்று காங்கிரசுத் தலைவர் பரூவா பாடினாரே, அதற்குப் பிறகு அந்த அம்மையாரை எதிர்த்தவன் யாராகிறான்? நாட்டையே எதிர்த்தவன் ஆகிறான். ஒரு வாக்கியத்தில் எதிர்க்கட்சி என்ற ஒன்றே குற்றமாகிவிட்டது பார்த்தீரா!

தமிழகத்தில் 1976 சனவரி 31 வரை ஓரளவு காற்று வீசிற்று. அன்று மாநில ஆட்சி கலைக்கப்பட்டது; மறுநாளிலிருந்து மிசாவின் வேட்டை தொடங்கிற்று. 'உள்நாட்டுப் பாதுகாப்பு' என்பதுதான் அந்தச் சட்டத்தின் பெயரிலும் பளபளத்த சொல். அவ்வாண்டு ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவன் ஆட்கொணர்வு கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. ஐவருள் கன்னா ஒருவரே மறுத்து எழுதினார். நால்வருள் ஒருவரான நீதிபதி பேக், சிறைப்பட்டோருக்கு நல்ல உணவும் உறையுளும் தந்து சர்க்கார் காட்டும் பரிவு ஏறத்தாழத் தாயன்பு போன்றது என்று எழுதினார். தாயன்பு! சென்னை மத்திய சிறையில் அடிபட்டு, உடல் நைந்து, 1977 சனவரியில் உயிர் நீத்தார் முன்னாள் மேயர் சிட்டிபாபு. அந்தச் சிறையில் நடந்தவற்றை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்து எழுதிற்று. தாயன்பு என்ற சொல்லையும் அந்த அறிக்கையையும் அருகருகே வைத்துப் படித்தால் நெஞ்சு பதறும்.

அந்தக் காலத்தில் மொழியைத் திருப்பிப் பிடித்த ஒரு நிகழ்ச்சியையும் சொல்லியாகவேண்டும். யார் யார் கைதாயினர் என்று ஏடுகள் வெளியிடத் தணிக்கை தடுத்தது. 1976 பிப்ரவரி 3, அண்ணாவின் நினைவு நாள். அன்றைய முரசொலியில் ஒரு பெயர்ப்பட்டியல் வந்தது: அண்ணா நினைவிடத்திற்கு மலர் வைக்க வர இயலாதவர்கள்! தணிக்கையாளருக்கு அதில் வெட்ட ஒரு சொல்லும் கிட்டவில்லை. படித்தவர்களுக்கோ எல்லாம் புரிந்துவிட்டது. கட்சி வேறுபாடு கருதாமல் ரசிக்கவேண்டிய காரியம் இது.

மேலே இருப்போர் மட்டுமே இப்படிப் பேசுவர் என்று நினைத்தால் அதுவும் பிழை. மதுரையின் சுற்றுப்புறத்துக்கே திரும்பி வருவோம். 1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள்! பத்தாண்டுகளாக அங்கே ஒரு தலைவரும் நிலைத்து அமர முடியவில்லை. ஒன்று, யாரும் மனுவே போடவில்லை. அல்லது ஒருவரை நிறுத்தி, வெல்லவைத்து, பதவியேற்ற சூடு ஆறுமுன் விலகவைத்தனர். ஏட்டில் அது 'ராஜினாமா'. தேர்தல் நடந்தது, முடிவு வந்தது, தாமே விலகினார் என்று சட்டத்தின் வரிகளெல்லாம் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கும். ஆனால் அங்கே குடியாட்சி இல்லை.

இதற்குத் துணைநின்ற சொல் எது? 'ஊர்'. ஊர் முடிவு, ஊர்க் கட்டுப்பாடு, ஊர் ஒற்றுமை! எத்தனை இனிய சொல் தமிழில் ஊர் என்பது. ஆனால் ஊர் கூடி முடிவு செய்தது என்று சொல்லும்போது அந்தக் கூட்டத்தில் சேரிக்காரன் இருந்தானா? ஊர் வேறு, சேரி வேறு என்று நம் பேச்சு மொழி பன்னெடுங்காலத்திற்கு முன்பே கோடு கிழித்துவிட்டது. ஆகவே ஊர் என்ற சொல்லை உச்சரிக்கும்போதே பாதிப்பேரின் வாக்கு பறிபோய்விடுகிறது, பறித்தவனுக்கும் உறுத்துவதில்லை. 'ஏகமனதாக' என்பது இதன் உடன்பிறந்த சொல். இந்நாட்டு அரசியலில் ஏகமனதாக என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், பேசாதிருந்தவன் யார் என்று தேடிப் பார்ப்பது நலம். பேசிய ஒருவர் மேலூருக்கு அருகே மேலவளவில் இருந்தார். ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டினர். அவரோடு மேலும் ஐவர் மாண்டனர்.

இங்கே நம் நெஞ்சை அறுக்கும் ஒன்று உண்டு. அதை மறைத்து எழுத மனம் ஒப்பவில்லை. பாப்பாப்பட்டியும் கீரிப்பட்டியும் உசிலம்பட்டி வட்டாரத்து ஊர்கள். பெருங்காமநல்லூரும் அதே வட்டாரத்து ஊர்தான். பிறப்பைக் காட்டி உன்னைக் குற்றவாளி என்றபோது விரல் நீட்ட மறுத்து மார்பு காட்டிய மண்ணில்தான், பிறப்பைக் காட்டி உனக்கு நாற்காலி இல்லை என்று பின்னாளில் சொல்லப்பட்டது. ஒரு சமுதாயத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அப்படிப் பழிப்பது அந்தப் பழைய சட்டத்தின் வேலையையே நாமும் செய்வதாகும். 2006 அக்டோபரில் தேர்தல் நடந்து தலைவர்கள் அமர்ந்தபோது, அதற்குத் துணைநின்றவர்களுள் அதே சமுதாயத்தாரும் இருந்தனர். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாப்பட்டியில் கிராம சபை கூடியது, முதலமைச்சரே வந்து அமர்ந்தார். ஊர் என்ற சொல் அன்று சற்று அகன்றிருக்கும்.

இடையில் ஒன்று. திருமங்கலம் என்ற ஊரின் பெயரை நாட்டுக்கு அறிமுகம் செய்த தொடர் என்ன? 2009 சனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று ஏடுகள் எழுதின. வாக்குக்குக் கையூட்டு என்றால் கூசும். ஃபார்முலா என்றால் ஏதோ அறிவாளி கண்டுபிடித்த கணக்கு! 'கவனித்துவிட்டார்கள்' என்கிறோம், 'பட்டுவாடா' என்கிறோம். கூச்சத்தைப் போக்கும் சொற்கள் நம்மிடம் ஏராளம்.

இனி, நேற்று முன்தினச் செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். 'இளைஞர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது' என்று ஒரு மூலையில் இருக்கும். 1982இல் இயற்றப்பட்ட சட்டம் அது. சாராயம் காய்ச்சுவோர், குண்டர்கள் என்று தொடங்கி, திருட்டு ஒளிப்படத் தகடு விற்போர் வரைக்கும் ஒரே மூச்சில் அடுக்கும் நீண்ட பெயர் அதற்கு. ஓராண்டுவரை வழக்கு விசாரணை இன்றி உள்ளே வைக்கலாம். எந்தக் கட்சி ஆண்டாலும் இதைக் கைவிட்டதில்லை. நமக்கு வேண்டியவர் ஆண்டபோதும் கைவிட்டதில்லை. 2017இல் மெரினாவில் ஈழத் தமிழருக்கு மெழுகுவத்தி ஏற்ற முனைந்த திருமுருகன் காந்தி மீதும் இது பாய்ந்தது. சில மாதங்களில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 'பாய்ந்தது' என்ற வினையை யார் முதலில் எழுதினாரோ! புலி பாயும், சிறுத்தை பாயும். சட்டம் பாயலாமா? பாய்ந்த விலங்கை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கையெழுத்திட்ட அதிகாரி அந்த வாக்கியத்தில் காணாமற் போகிறார். பிடிபட்டவனோ வழக்கு நடக்குமுன்பே 'குண்டர்' ஆகிவிடுகிறான். யானைமலைக்கு எதிரே உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. அங்கே இத்தகைய உத்தரவுகளை எதிர்த்து வரும் ஆட்கொணர்வு மனுக்களுக்குக் குறைவில்லை. ரத்தாகும் உத்தரவுகளுக்கும் குறைவில்லை. ரத்தானது என்ற செய்தியை எந்த ஏடு பெரிய எழுத்தில் போட்டது?

தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று துப்பாக்கி பேசி முடித்த பிறகு, 'சமூக விரோதிகள்' என்ற சொல் மேலிருந்து கீழ்வரை ஒலித்தது நினைவிருக்கும். 13 பேர் மாண்ட ஊரில் முதலில் விளக்கம் தரவேண்டியவர் யார்? சுட்டவர். அந்தச் சொல் செத்தவர்களை விளக்கம் தரச் சொல்லிற்று. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, காவல் துறையின் குற்றத்தை எடுத்துக் காட்டியபோது, அந்தச் சொல்லைப் பரப்பியவர்கள் அதைத் திரும்பப் பெற்றதாக நாம் கேள்விப்படவில்லை. 2019இல் மத்திய சட்டம் ஒன்று திருத்தப்பட்டது. இயக்கங்களை மட்டுமன்றித் தனி மனிதரையும், வழக்கு முடியுமுன்பே, 'பயங்கரவாதி' என்று சர்க்கார் தன் பட்டியலில் அறிவிக்கலாம் என்று ஆயிற்று. பயங்கரவாதியை ஆதரித்துப் பேச நாம் பித்தர் அல்லோம். 'நம்புவதற்குக் காரணம்' என்ற பழைய தொடர் நம் காதில் மறுபடி ஒலிக்கிறது, அவ்வளவே.

எம் போன்ற கட்சி ஏடுகளுக்கும் இதில் பங்குண்டு, தப்பித்துக்கொள்ள முயலமாட்டோம். கேள்வி கேட்ட தோழனைத் 'துரோகி' என்று எழுதியிருக்கிறோம். அவன் கேட்ட கேள்விக்கு விடை தேடும் வேலை அதனால் மிச்சமாயிற்று! தலைவர் பெயருக்கு முன்னே அடைமொழிகளை ரயில் பெட்டிகள் போலக் கோத்திருக்கிறோம். மதுரைச் சுவர்களில் ஒட்டப்படும் சுவரொட்டிகளைப்பற்றிச் சொல்லவே வேண்டாம். கடவுளுக்கும் வைக்க அஞ்சும் பெயர்களை வட்டச் செயலாளருக்கு வைக்கும் ஊர் இது. சிரித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். ஆனால் தன்னைச் சூரியன் என்று எழுதிய தொண்டனிடம் எந்தத் தலைவனாவது கணக்குக் காட்டியதுண்டா?

பொதுக்கூட்டத்துக்குப் போகும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் ஒருவர் மற்றொருவரை ஒரே சொல்லால் முடித்துக் கட்டும்போது கையைத் தட்டுமுன் ஒரு நொடி பொறுங்கள். அவன் செய்தது என்ன, எந்த நாளில், எந்த இடத்தில், கண்டவர் யார் என்று அந்தச் சொற்பொழிவில் எங்கேனும் வந்ததா என்று பாருங்கள். அந்தக் காவலர்கள் கோவலன்முன் தயங்கி நின்றார்களே, அவ்வளவு நேரம் நின்றால் போதும். அவன் சிலம்பைப் பார்த்துவரச் சொல்லி ஓர் ஆளை அனுப்ப அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

பெருங்காமநல்லூர்க்காரர்கள் அதைச் செய்தார்கள். சர்க்கார் தன் சட்டத்துக்கு 'குற்றப் பரம்பரையினர் சட்டம்' என்று பெயர் வைத்து அரசிதழில் அச்சிட்டது. படிப்பறிவு அதிகம் இல்லாத அந்தக் கிராமத்து மக்கள் அந்தப் பெயரைத் தங்கள் வாயால் சொல்ல மறுத்தனர். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. தாங்கள் யார் என்று அது சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. அது தங்கள் விரலில் என்ன செய்தது என்பதை மட்டும் பெயராக்கினர். உசிலம்பட்டிப் பக்கத்து முதியோர் பேச்சில் அது அந்தப் பெயரிலேயே வழங்கி வந்தது. ஏப்ரல் 3 தோறும் அந்த ஊர் நினைவுத் தூணுக்கு முன்னே கூடுகிறவர்கள் மாயக்காளைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.